துலி, தூலி, துல்லி: ஸ்வீடிஷ், ஃபின்னிஷ் பற்றி வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஒரு பதிலின் நடுவே, ஸ்வீடன்காரர்கள் பேசும் மொழிக்கும் பின்லாந்துக்காரர்கள் பேசும் மொழிக்கும் சம்பந்தமே இல்லை என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இவ்வளவு கேள்விகள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. அதனால் இந்தத் தடவை முழுக்க அதுதான்.

கேள்வி: பக்கத்துப் பக்கத்து நாடு, கொடியில்கூட ஒரே மாதிரி சிலுவை. மொழி மட்டும் எப்படிச் சம்பந்தமில்லாமல் போகும்? ஒருத்தர் பேசினால் இன்னொருத்தருக்குக் கொஞ்சமாவது புரியாதா?

பதில்: படிக்காமல் புரியாது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிப் பாருங்கள். ஸ்வீடிஷில் எத், த்வோ, த்ரே. ஃபின்னிஷில் யுக்ஸி, கக்ஸி, கோல்மே. அந்த ‘த்ரே’ நமக்குத் தெரிந்த ஆள்தான், திரிசூலத்தில் வரும் ‘திரி’யும் அதுவும் ஒரே வேரிலிருந்து வந்தவை. ஸ்வீடிஷ் இந்தோ ஐரோப்பியக் குடும்பம், ஆங்கிலம், ஜெர்மன், இந்தி, சமஸ்கிருதம் எல்லாம் அதற்குத் தூரத்துச் சொந்தம். நார்வேக்காரர் பேசினால் ஸ்வீடன்காரருக்குப் பெரும்பாலும் புரிந்துவிடும், டேனிஷைக் காதால் கேட்டுப் பிடிப்பது கஷ்டம், படித்தால் புரியும். ஃபின்னிஷ் வேறு குடும்பம், யூராலிக். எஸ்டோனியன் அதற்குத் தங்கை மாதிரி, ஹங்கேரியன் தூரத்து உறவு, வடக்கே லாப்லாந்தில் பேசும் சாமி மொழிகளும் அந்தப் பக்கத்துச் சொந்தம்தான். ஸ்வீடிஷ் பேசுகிறவர்கள் சுமார் 1 கோடி, ஃபின்னிஷ் பேசுகிறவர்கள் சுமார் 50 லட்சம்.

சொந்தமில்லை என்றாலும் பல நூற்றாண்டாகப் பக்கத்தில் இருந்ததால் கொடுக்கல் வாங்கல் நிறைய. ஃபின்னிஷில் ராஜாவுக்கு ‘குனிங்கஸ்’ என்று பேர். இது ஏறக்குறைய 2000 வருஷத்துக்கு முன்னால் ஜெர்மானிய மொழி பேசியவர்களிடமிருந்து வாங்கிய சொல், அன்றைக்கு அவர்கள் எப்படிச் சொன்னார்களோ கிட்டத்தட்ட அப்படியே இன்றும் இருக்கிறது. கொடுத்தவர்களின் வம்சத்தில் வந்த ஸ்வீடிஷில் அதே சொல் தேய்ந்து ‘குங்’ ஆகிவிட்டது. மொழியியல்காரர்கள் பழைய ஜெர்மானியச் சொற்கள் எப்படி இருந்திருக்கும் என்று பார்க்க ஃபின்னிஷைப் புரட்டுகிறார்கள். கடன் வாங்கியவர் வீட்டில் நகை பத்திரமாக இருக்கிறது, எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இது.

வாங்கும்போது அவர்கள் தங்கள் நாக்குக்கு ஏற்ற மாதிரிதான் வாங்கினார்கள். பழைய ஃபின்னிஷ் சொல் எதுவும் இரண்டு மெய்யெழுத்து சேர்ந்து ஆரம்பிக்காது, நம்மைப் போலவே. நாம் ‘ஸ்தல’த்தைத் ‘தலம்’ ஆக்கினோம். அவர்கள் ஸ்டாக்ஹோமை ‘துக்ஹோல்மா’ ஆக்கினார்கள், கண்ணாடி என்கிற ‘க்ளாஸ்’ அங்கே ‘லஸி’ ஆயிற்று, கரை என்கிற ‘ஸ்த்ராண்ட்’ முன்னால் இருந்த இரண்டையும் உதறிவிட்டு ‘ரந்தா’ ஆயிற்று.

கேள்வி: ஃபின்னிஷ் அச்சு அசல் தமிழ் மாதிரி, இரண்டும் ஒரே குடும்பம் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். உண்மையா?

பதில்: முதல் பாதி ஓரளவு உண்மை. இரண்டாம் பாதி இல்லை. இதைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கேள்வி மட்டும் ஏழெட்டுப் பேரிடமிருந்து வந்திருக்கிறது.

‘தலோ’ என்றால் வீடு. ‘தலோஸ்ஸ’ வீட்டில். ‘தலோஸ்ஸனி’ என் வீட்டில். அதோடு ‘கின்’ சேர்த்தால் ‘தலோஸ்ஸனிகின்’, என் வீட்டிலும். ‘கின்’னை எடுத்துவிட்டு ‘கோ’ போட்டால் ‘தலோஸ்ஸனிகோ’, என் வீட்டிலா? நம்முடைய ‘உம்’ எங்கே ஒட்டுகிறதோ அங்கே அவர்களுடைய ‘கின்’ ஒட்டுகிறது, நம்முடைய ‘ஆ’ ஒட்டும் இடத்தில் ‘கோ’ ஒட்டுகிறது. ஆங்கிலத்தில் நாலு சொல்லாக உடைத்துச் சொல்ல வேண்டியதை இரண்டு மொழியும் ஒரே சொல்லின் வாலில் தொங்கவிடுகின்றன. ஃபின்னிஷில் வேற்றுமை 15 என்று கணக்குச் சொல்வார்கள், ஐரோப்பாக்காரர்கள் அதைக் கேட்டு மிரண்டுபோவார்கள். ‘வீட்டில், வீட்டுக்கு, வீட்டிலிருந்து, வீட்டோடு, வீட்டால்’ என்று நாள் முழுக்கச் சொல்கிற நமக்கு அதில் மிரள என்ன இருக்கிறது?

‘என்னிடம் ஒரு வீடு இருக்கிறது’ என்பதற்கு ‘மினுல்ல ஒன் தலோ’. என்னிடம், இருக்கிறது, வீடு. ஆங்கிலத்து ‘ஹேவ்’ மாதிரி தனி வினைச்சொல் கிடையாது, நம்மைப் போலவே ‘என்னிடம் இருக்கிறது’தான். அப்புறம் அவனுக்கும் அவளுக்கும் ஒரே சொல், ‘ஹேன்’. இதில் நம்மிடமிருந்து விலகிப் போகிறார்கள். ஸ்வீடிஷில் ‘ஹான்’ என்றால் அவன், ‘ஹூன்’ என்றால் அவள். ஆணா பெண்ணா என்று சொல்லாமல் பேச ஒரு சொல் வேண்டும் என்று ஸ்வீடனில் பல வருஷம் பேசி, கடைசியில் 2015இல் ஸ்வீடிஷ் அகாடமியின் சொல்பட்டியலில் ‘ஹென்’ என்ற சொல் ஏறியது. அதை முன்வைத்தவர்கள் கண்முன் இருந்தது பக்கத்து வீட்டு ‘ஹேன்’தான்.

எதிர்மறை இன்னும் சுவையானது. ‘நான் போகவில்லை, நீ போகவில்லை, அவன் போகவில்லை’ என்று நாம் சொல்லும்போது ‘இல்லை’ அசையாமல் நிற்கிறது. ஃபின்னிஷில் அந்த ‘இல்லை’யே ஆளுக்கு ஆள் மாறும்: ‘என் மெனெ’ நான் போகவில்லை, ‘எத் மெனெ’ நீ போகவில்லை, ‘எய் மெனெ’ அவன் போகவில்லை. இன்றைய பேச்சில் நம்மிடம் இது இல்லை, ஆனால் ‘அல்லேன், அல்லை, அல்லன்’ என்று பழைய இலக்கியத்தில் படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

எழுத்தும் ஒலியும் பார்ப்போம். ‘துலி’ நெருப்பு. ‘தூலி’ காற்று. ‘துல்லி’ சுங்கம். குறிலா நெடிலா, ஒற்று இரட்டித்ததா இல்லையா என்பதில் பொருளே மாறிப்போகும், ‘படம், பாடம், பட்டம்’ மாதிரி. ஆங்கிலம் பேசுகிறவர்கள் இந்த மூன்றையும் பிரித்துச் சொல்லவே மாதக்கணக்கில் பயிற்சி எடுக்கிறார்கள், நமக்கு ஒரு தடவை கேட்டால் போதும். தமிழ் எழுத்தில் எழுதினால் எவ்வளவு கச்சிதமாக உட்காருகிறது பாருங்கள்.

சரி, இவ்வளவு இருந்தும் ஏன் ஒரே குடும்பம் இல்லை என்கிறேன்? 1856இல் கால்டுவெல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதியபோது, ஃபின்னிஷும் துருக்கியும் சேர்ந்த ஒரு பெரிய கூட்டத்தோடு நம் மொழிகளுக்கு உறவு இருக்கலாம் என்றுதான் நினைத்தார். அந்தக் காலத்து அறிவுக்கு அது நியாயமான ஊகம். பிறகு வந்தவர்கள் சொல் சொல்லாகத் தேடிப் பார்த்தார்கள், பெரும்பாலான அறிஞர்கள் ஏற்கும்படியான நிரூபணம் கிடைக்கவில்லை. வால் ஒட்டும் பழக்கம் துருக்கியிலும் இருக்கிறது, ஜப்பானியத்திலும் இருக்கிறது. உறவைக் காட்டுவது அடிப்படைச் சொற்கள். தண்ணீர், கை, கண் மூன்றையும் எடுங்கள். ஃபின்னிஷில் வெஸி, கேஸி, ஸில்மா. எஸ்டோனியனில் வெஸி, கேஸி, ஸில்ம். ஹங்கேரியனில் வீஸ், கேஸ், ஸெம். எத்தனையோ ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் பிரிந்த ஹங்கேரியனிலும் குடும்பச் சாயல் தெரிகிறது. தமிழில் நீர், கை, கண். ‘கை, கேஸி இரண்டும் க-வில் ஆரம்பிக்கிறதே’ என்று மனசு துள்ளும், எனக்கும் துள்ளியது. ஒரு சொல் ஒத்துப்போவது எந்த இரண்டு மொழிக்கு நடுவிலும் நடக்கும். இந்த ஒலி அங்கே இருந்தால் அந்த ஒலி இங்கே இருக்கும் என்று நூற்றுக்கணக்கான சொற்களில் ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வர வேண்டும். அது வரவில்லை.

தமிழுக்குப் பின்லாந்தில் உண்மையான ஓர் உறவு உண்டு, அது ஒரு மனிதர். ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தின் அஸ்கோ பர்ப்போலா, சிந்துவெளி முத்திரைகளில் இருப்பது திராவிட மொழி என்ற கருத்தோடு பல பத்தாண்டு உழைத்தவர். 2010 கோவை உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டில் அவருக்குக் கலைஞர் மு. கருணாநிதி செம்மொழித் தமிழ் விருது கொடுத்தார்கள். இந்த மாதிரி உறவைக் கொண்டாடுவோம், இல்லாத ரத்த உறவைத் தேட வேண்டாம்.

கேள்வி: ஃபின்னிஷில் சிலேடை உண்டா?

பதில்: ‘கூஸி பலா’. கூஸி என்றால் ஆறு என்கிற எண், ஸ்ப்ரூஸ் என்கிற ஊசியிலை மரம், உன் நிலா. பலா என்றால் துண்டு, எரிகிறது, திரும்பி வருகிறது. ஆறு துண்டு என்றும் படிக்கலாம், மரம் எரிகிறது என்றும் படிக்கலாம், உன் நிலா திரும்பி வருகிறது என்றும் படிக்கலாம். காளமேகம் கையில் கிடைத்திருக்க வேண்டிய மொழி.

கேள்வி: பின்லாந்தில் ஸ்வீடிஷ் பேசுகிறவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்தானாம். அப்படியிருக்க எதற்கு அதுவும் ஆட்சி மொழி? பிள்ளைகள் எல்லோரும் ஏன் கட்டாயமாகப் படிக்க வேண்டும்?

பதில்: ஆமாம், சுமார் 5 சதவீதம், மூன்று லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் இது வந்து குடியேறியவர்களின் கதை என்று நினைத்துவிட வேண்டாம். ஏறக்குறைய 600 வருஷம் பின்லாந்து என்று தனி நாடே இல்லை, அது ஸ்வீடன் ராஜ்ஜியத்தின் கிழக்குப் பாதி. கோர்ட்டு, கல்லூரி, அலுவலகம் எல்லாம் ஸ்வீடிஷ். ஃபின்னிஷ் வயலிலும் அடுக்களையிலும் இருந்தது. 1543இல் மிக்கேல் அக்ரிகொலா என்கிற பாதிரியார்தான் முதல் ஃபின்னிஷ் அரிச்சுவடியை அச்சில் கொண்டுவந்தார், அவர் இறந்த ஏப்ரல் 9ஆம் தேதியை இன்றைக்கும் ஃபின்னிஷ் மொழி நாளாகக் கொண்டாடுகிறார்கள். அரிச்சுவடி வந்தும் முந்நூறு வருஷத்துக்கு மேல் நிலைமை பெரிதாக மாறவில்லை. ஒரு விவசாயி வழக்குக்குப் போனால் தீர்ப்பு அவருக்குத் தெரியாத மொழியில் எழுதப்பட்டது.

1809இல் ரஷ்யா ஸ்வீடனிடமிருந்து பின்லாந்தைப் பிடுங்கிக்கொண்டது. அதற்கப்புறம்தான் மொழி எழுந்தது. இதில் என் மனசைத் தொடுவது, ஃபின்னிஷுக்காக முன்னால் நின்றவர்களில் பலருக்கு வீட்டு மொழி ஸ்வீடிஷ் என்பதுதான். யோஹன் வில்ஹெல்ம் ஸ்னெல்மன் ஸ்வீடிஷில் எழுதித்தான் ஃபின்னிஷுக்காக வாதாடினார். 1858இல் யுவாஸ்குலா ஊரில் ஃபின்னிஷ் வழியில் முதல் உயர்நிலைப் பள்ளி. 1863இல் ஜார் இரண்டாம் அலெக்சாண்டர் 20 வருஷத்துக்குள் ஃபின்னிஷுக்குச் சம உரிமை என்று ஆணை போட்டார். ஸ்னெல்மனின் நூற்றாண்டான 1906இல் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தங்கள் ஸ்வீடிஷ் பெயரைக் கைவிட்டு ஃபின்னிஷ் பெயர் வைத்துக்கொண்டன. பேப்பரில் பெயர்கள் பட்டியல் பட்டியலாக வந்த காலம் அது.

தேசிய கீதத்தையே கவிஞர் ரூனெபெர்க் ஸ்வீடிஷில்தான் எழுதினார், இன்று பெரும்பாலானோர் பாடுவது அதன் ஃபின்னிஷ் வடிவம். இசைமேதை ஸிபேலியுஸ், மூமின்கள் என்கிற குழந்தைக் கதைப் பாத்திரங்களை உருவாக்கிய தூவே யான்ஸன், லினக்ஸ் என்கிற கணினி மென்பொருளை எழுதிய லீனுஸ் தோர்வால்ட்ஸ் மூன்று பேருக்கும் தாய்மொழி ஸ்வீடிஷ், மூன்று பேரும் பின்லாந்துக்காரர்கள். ‘நீ ஸ்வீடன்காரனா’ என்று அவர்களில் யாரையாவது கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும்.

சட்டம் எளிது: ஒரு ஊராட்சியில் சிறுபான்மை மொழிக்காரர்கள் 8 சதவீதம் அல்லது 3,000 பேர் இருந்தால் அது இருமொழி ஊர். தெருப் பலகையில் இரண்டு மொழியும் இருக்கும், அந்த ஊரில் யார் பெரும்பான்மையோ அவர்கள் மொழி மேலே. ஹெல்சிங்கியில் ‘மன்னெர்ஹெய்மின்தியே’ மேலே, ‘மன்னெர்ஹெய்ம்வேகன்’ கீழே. மேற்குக் கரையில் சில ஊர்களில் அப்படியே தலைகீழ். பின்லாந்தைச் சேர்ந்த ஆலந்து தீவுகளில் சுமார் 30,000 பேர், அங்கே ஆட்சி மொழி ஸ்வீடிஷ் மட்டும்தான், 1921இல் சர்வதேச சங்கம் தீர்த்துவைத்த ஏற்பாடு.

பள்ளியில் கட்டாயம் என்பதைப் பற்றி அங்கேயே சண்டை உண்டு, அதற்கு ‘பக்கோ ருவோட்ஸி’, கட்டாய ஸ்வீடிஷ் என்று கோபமாக ஒரு பேரும் உண்டு. கிழக்கு எல்லையில் வாழ்நாளில் ஒரு ஸ்வீடிஷ்காரரைப் பார்க்காத பிள்ளை கேட்கும் கேள்வி நியாயமானதுதான். ஆனாலும் ஒரு கிழவி தன் சொந்த நாட்டு ஆஸ்பத்திரியில் வலிக்கும் இடத்தைத் தன் மொழியில் சொல்ல முடிய வேண்டும் என்றால், யாராவது அந்த மொழியைப் படித்திருக்கத்தானே வேண்டும்? நான் அந்தக் கிழவி பக்கம்.

கேள்வி: ஸ்வீடிஷில் மரியாதைப் பன்மையே கிடையாதாமே, முதலாளியையும் நீ என்றுதான் கூப்பிடுவார்களா?

பதில்: ஆமாம், ‘து’தான். ஆனால் எப்போதுமே அப்படி இல்லை. 1960கள் வரைக்கும் ஸ்வீடனில் பேசுவது பெரிய அவஸ்தை. எதிரில் உட்கார்ந்திருக்கும் டைரக்டரிடமே ‘டைரக்டர் காபி சாப்பிடுவாரா?’ என்று படர்க்கையில் கேட்க வேண்டும். பட்டம் தெரியாவிட்டால் வாயைத் திறக்க முடியாது. ‘நி’ என்று ஒரு பன்மைச் சொல் இருந்தது, அது மரியாதைக்குப் பதில் பட்டம் இல்லாதவர்களை, கீழே இருப்பவர்களை விளிக்கும் சொல்லாகப் போயிருந்தது. 1967இல் நாட்டின் மருத்துவ வாரியத் தலைவராக வந்த ப்ரூர் ரெக்ஸெட், ஊழியர்கள் எல்லோரையும் ‘து’ என்றே கூப்பிடப்போகிறேன், என்னையும் அப்படியே கூப்பிடுங்கள் என்று அறிவித்தார். ஏற்கனவே மெல்ல நடந்துகொண்டிருந்த மாற்றம் அதற்கப்புறம் வேகம் பிடித்தது. ராஜ குடும்பம் மட்டும் விலக்கு. இப்போது கடைகளில் இளம் பிள்ளைகள் சிலர் மரியாதை என்று நினைத்து ‘நி’ போடுகிறார்கள், பழைய நினைப்பு உள்ள பெரியவர்களுக்கு அது சுருக்கென்று குத்துகிறது. நம் காதுக்கு ‘நி’ பன்மை என்பது விநோதமாக இருக்கும்.

கேள்வி: ஸ்வீடிஷ் பேசுவது பாட்டுப் பாடுவது மாதிரி இருக்கிறதே, ஏன்?

பதில்: ராகம் இருக்கிறது, அதனால்தான். ‘ஆந்தென்’ என்று ஒரு ராகத்தில் சொன்னால் வாத்து, இன்னொரு ராகத்தில் சொன்னால் ஆவி. பின்லாந்து ஸ்வீடிஷில் இந்த வித்தியாசம் இல்லை, தட்டையாக, தெளிவாக இருக்கும், கற்கிறவர்களுக்கு அது காதில் சீக்கிரம் ஏறும். இன்னொன்று, வடக்கு ஸ்வீடனில் ‘ஆமாம்’ என்பதற்குச் சொல்லே வேண்டாம், உதட்டைக் குவித்து மூச்சை உள்ளே ‘ஷுப்’ என்று இழுத்தால் போதும். முதல் தடவை கேட்கிறவர்கள் எதிரில் இருப்பவர் எதையோ கண்டு திடுக்கிட்டார் என்று நினைப்பார்கள்.

கேள்வி: பின்லாந்தில் இருக்கும் ஸ்வீடிஷ்காரர்களைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். ஸ்வீடனில் இருக்கும் ஃபின்னிஷ்காரர்கள் கதி?

பதில்: இதைக் கேட்டதற்கு நன்றி. 1809இல் புது எல்லைக் கோடு வடக்கே தோர்னே ஆற்றின் மேல் போனது. ஒரே மொழி பேசி, ஆற்றின் இரண்டு கரையிலும் பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஜனங்கள் ஒரே நாளில் இரண்டு நாடாக ஆனார்கள். ஸ்வீடன் பக்கம் மாட்டிக்கொண்டவர்களின் பிள்ளைகளுக்கு 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து பள்ளிக்கூடத்தில் ஸ்வீடிஷ் மட்டும்தான். விளையாட்டு நேரத்தில் வாய் தவறி வீட்டு மொழி வந்தால் திட்டு, அடி. தங்கள் பேச்சு ஃபின்னிஷும் இல்லை ஸ்வீடிஷும் இல்லை, மட்டமான ஏதோ ஒன்று என்று நம்பியே பல தலைமுறை வளர்ந்தது. அந்த மொழிக்குப் பேர் மேயேன்கியெலி, ‘நம்ம மொழி’ என்று அர்த்தம். 2000இல்தான் ஸ்வீடன் அதையும், ஃபின்னிஷையும், சாமியையும், ரோமானி, யித்திஷையும் தேசியச் சிறுபான்மை மொழிகளாக ஏற்றது. நடந்த அநியாயத்தைப் பதிவு செய்ய 2020இல் ஒரு உண்மை ஆணையம் அமைத்தார்கள், 2023இல் அறிக்கை வந்தது.

நடுவில் யுத்தம். 1939க்கும் 1944க்கும் இடையில் சுமார் 70,000 பின்லாந்துக் குழந்தைகளைக் கழுத்தில் பேர் எழுதிய அட்டை கட்டி, ரயிலிலும் கப்பலிலும் ஏற்றி அனுப்பினார்கள், பெரும்பாலும் ஸ்வீடனுக்கு. அங்கே நல்ல குடும்பங்கள் எடுத்து வளர்த்தன. மூன்று வயதில் போன குழந்தை ஆறேழு வயதில் திரும்பி வரும்போது ஃபின்னிஷ் மறந்திருந்தது. பெற்றவள் ஸ்டேஷனில் கூப்பிடுகிறாள், குழந்தைக்கு அவள் சொல்வது புரியவில்லை. அதற்கு அம்மா என்றால் ‘மம்மா’, எதிரில் நிற்பவளோ தன்னை ‘எய்தி’ என்கிறாள். எய்தி என்பதே ஜெர்மானிய மொழியிலிருந்து ஃபின்னிஷ் எப்போதோ வாங்கிய சொல் என்று படித்தபோது அன்றைக்கு மேலே வேலை ஓடவில்லை. பல ஆயிரம் பிள்ளைகள் திரும்பாமல் அங்கேயே தங்கிவிட்டார்கள்.

பிறகு 1950, 60களில் லட்சக்கணக்கானோர் வேலைக்காகப் போனார்கள், 1969, 1970 இரண்டு வருஷம்தான் உச்சம். கார் ஆலை, துணி ஆலை, ஆஸ்பத்திரி. அவர்களெல்லாம் இப்போது தாத்தா பாட்டி. ஞாபக மறதி நோய் வந்தால் பிற்பாடு கற்ற மொழி முதலில் உதிர்ந்துபோவது உண்டு, ஐம்பது வருஷம் பேசிய ஸ்வீடிஷ் போய் அம்மா பேசிய ஃபின்னிஷ் மட்டும் மிஞ்சும். 2010இல் வந்த சட்டத்தில் ஸ்டாக்ஹோம் உள்பட பல ஊர்களில் முதியோர் பராமரிப்பை ஃபின்னிஷில் கேட்டுப் பெறும் உரிமை இருக்கிறது. ஆள் கிடைப்பது சில இடங்களில் சிரமம், ஆனால் உரிமை என்று எழுதியிருப்பதே பெரிய விஷயம்.

கேள்வி: என் மகள் மேல்படிப்புக்கு ஹெல்சிங்கி போகிறாள். இரண்டு மொழியில் எதை முதலில் படிக்கச் சொல்லட்டும்? ஸ்வீடிஷ் சுலபம் என்கிறார்களே.

பதில்: ஆங்கிலம் தெரிந்தவருக்கு ஸ்வீடிஷ் சுலபம்தான். ஆனாலும் ஹெல்சிங்கி என்றால் ஃபின்னிஷ். தமிழ் வீட்டில் வளர்ந்த பெண்ணுக்கு வேற்றுமையும் குறில் நெடிலும் பயமுறுத்தாது, சொற்கள்தான் எல்லாம் புதிது. ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள். புத்தகத்தில் ‘மினே ஒலென்’ என்று படித்திருப்பாள், நான் இருக்கிறேன். தெருவில் ‘மே ஓன்’ என்று கேட்கும். ‘இருக்கிறேன்’ என்று எழுதி ‘இருக்கேன்’ என்று பேசுகிற நமக்கு இதில் ஆச்சரியமில்லை, எழுத்துக்கு ஒன்று பேச்சுக்கு ஒன்று அங்கேயும் உண்டு. மனிதரைப் பற்றிப் பேசும்போதுகூட ‘ஹேன்’ என்பதற்குப் பதில் ‘ஸெ’, அதாவது ‘அது’ என்பார்கள், அவமரியாதை இல்லை. அதனால் புத்தகத்தோடு காதையும் சேர்த்துப் பழக்கட்டும்.

அப்புறம், அவள் தட்டுத் தடுமாறிப் பேச ஆரம்பித்ததும் எதிரில் இருப்பவர் உதவி செய்கிற நல்லெண்ணத்தில் சட்டென்று ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். அப்போது சொல்ல இரண்டு சொல் கற்றுக்கொண்டு போகட்டும்: ‘ஸுவொமெக்ஸி, கீதொஸ்’. ஃபின்னிஷிலேயே பேசுங்கள், நன்றி.